எதிர்ப்பக்கத்துக்குக் கஞ்சி

இலுப்பைமரத்து முக்கில், மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறையில் மரகதம்மா இருந்தார். மனம் கனத்தவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அப்படி வந்து அவருக்குச் சீடரானவர் தணிகாசலம். குருவைவிட வயதில் மூத்தவர். சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒரு மதியம் அவர் சன்னல் வழியே கீழே கைகாட்டினார்.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இந்த முக்குல ஒரு கிணறு. வண்டிமாடு தண்ணி குடிக்கக் கல்தொட்டி. பக்கத்துல இலுப்பை மரம். கிணத்தை மூடி ரவுண்டானா கட்டினேன். பிறகு அதையும் இடிச்சிட்டு சிக்னல் வச்சேன். மரத்தை வெட்டி ரோட்டை அகலமாக்கினேன். கடைசியா நடுவுல இடைவெளி விடாம கம்பித் தடுப்பு. ஒவ்வொரு தடவையும் மாலை போட்டாங்க. ஆனா மனசு நிறையலம்மா. ஏன்?"

மரகதம்மா அடுப்பிலிருந்த கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றினார்.

"எதிர்ப்பக்கம் காளியப்பன் காய்ச்சல்ல கிடக்காரு. கொடுத்துட்டு வருவோம், வாங்க."

"கார்ல போயிடலாமே?"

"எப்படிப் போகணும்?"

தணிகாசலம் யோசித்தார். "பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வரணும். கஞ்சி ஆறிடும். நடந்தே போவோம்."

தூக்கை அவரே வாங்கிக்கொண்டார்.

சிக்னலில் வண்டிகள் நின்றதும் பாதிச் சாலையைக் கடந்தார்கள். நடுவில் இடுப்புயரத்துக்குக் கம்பித் தடுப்பு. ஏறுவதற்கு வாகாக யாரோ அங்கே ஓர் உடைந்த கல்லைப் போட்டிருந்தார்கள். மரகதம்மா சேலையைச் செருகிக்கொண்டு பழகியவர்போல் தாண்டினார்.

தணிகாசலம் கல்லின்மேல் ஏறி ஒரு காலை அந்தப் பக்கம் போட்டார். மற்றக் கால் வரவில்லை. முட்டி மடங்க மறுத்தது. முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் கம்பிமேல் தொங்கினார். தூக்கு சாய்ந்து கஞ்சி வேட்டியில் வழிந்தது. பேருந்துக்குள் யாரோ சிரித்தார்கள்.

நின்ற பேருந்துகளில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ராக்கு, கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"என் தோளைப் பிடிங்கய்யா. வெக்கப்படாதீங்க. தெனமும் யாரையாச்சும் இறக்கிவிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். போன மாசம் ஒரு புள்ளத்தாச்சி இங்கதான் விழுந்துச்சு." அவள் குரல் தணிந்தது. "இதைப் போட்ட புண்ணியவான் ஒருநாளாச்சும் இங்க நடந்து வந்திருப்பானா?"

தணிகாசலம் அவள் தோளைப் பிடித்து இறங்கினார்.

"பாத்தாப் படிச்சவரு மாதிரி இருக்கீங்க. இதெல்லாம் போடுற ஆபீசருங்க யாரையாச்சும் தெரியுமாய்யா? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"எனக்கு யாரையும் தெரியாதும்மா."

மரகதம்மா திரும்பவில்லை. வண்டிகள் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்கின் அடியில் மிஞ்சியிருந்த கஞ்சியைக் காளியப்பன் மெதுவாகக் குடித்தார். போதும் என்று தலையசைத்தார். பசி அடங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இவரு யாரும்மா?" என்று கேட்டார்.

"கஞ்சி கொண்டுவந்தவரு."

தணிகாசலம் ஈர வேட்டியைக் கையால் மறைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சாலையோரத்தில் நின்றுவிட்டார். தடுப்புக்கு அருகே ராக்கு ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் அந்தப் பொண்ணுகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"காதுல விழுந்துச்சு."

"அது முகத்தைப் பாக்கவே கூசுது. அது கண்ணுல படாம வேற வழியா நடந்து போயிடலாமா?"

மரகதம்மா அவர் கையிலிருந்த வெறும் தூக்கை வாங்கிக்கொண்டார்.

"நடக்குறவங்களுக்கு நீங்க வேற வழி வைக்கலையேய்யா."