மலைநாடு போட்ட இருபத்திரண்டு

கோவை காந்திபுரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் கேமிங் சென்டர் ஒன்று இருக்கிறது. அங்கே பயிற்சி கொடுப்பவள் நஸ்ரீன். வயது இருபத்து நான்கு. அவளுடைய சீடர்களிலேயே மூத்தவர் சென்னியப்பன், பஸ் டிப்போவில் டைம் கீப்பர், வயது நாற்பத்தேழு. எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று இருபது வருஷமாக எழுதிப் பழகிய மனுஷன் வீடியோ கேம் ஆட வந்தால் என்ன செய்வார்? அங்கேயும் உட்கார்ந்து எழுதினார்.

ஆட்டத்தின் பெயர் ஏழுகொடி. ஏழு ஊர்களிலிருந்து ஏழு பேர், ஆளுக்கொரு நாடு. படை திரட்டலாம், ஒப்பந்தம் போடலாம், போட்டதை முறிக்கலாம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், மற்ற நாடுகளை எவ்வளவு நம்புகிறோம் என்று நூற்றுக்கு ஓர் எண் போட்டாக வேண்டும். அந்த எண் அந்தந்த நாட்டுக்காரரின் திரையில் தெரியும். கடைசியாக மிஞ்சும் இரண்டு பேர் இறுதிப் போட்டிக்குப் போவார்கள்.

சென்னியப்பன் போன இரண்டு வருஷமும் இறுதிக்கு முந்தைய இந்தக் கட்டம்வரை வந்து தோற்றவர். இரண்டு முறையும் கூட்டாளி நாடுதான் கடைசி நேரத்தில் காலை வாரியது. ஒருவர் மூன்று முறைதான் கலந்துகொள்ளலாம் என்பது விதி. இது அவருக்கு மூன்றாவது முறை.

அதனால் இந்தத் தடவை ஒரு பெரிய சார்ட் அட்டை வாங்கி, கட்டம் போட்டு வந்திருந்தார். எந்த நாடு எந்தச் சுற்றில் தன்னை எவ்வளவு நம்பியது என்று ஒன்றுவிடாமல் குறித்தார். எண் ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. அதை யாருக்கும் காட்டவில்லை. நஸ்ரீன் வேறு குழுக்களில் ஆடும் இன்னும் இரண்டு பேருக்குக் கோச் என்பதால் அவளுக்கும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பதிமூன்று சுற்று முடிவதற்குள் நான்கு நாடுகள் காலி. மிஞ்சியவை மூன்று. சென்னியப்பனின் கடல்நாடு, அவருடன் முதல் சுற்றிலேயே ஒப்பந்தம் போட்ட மலைநாடு, பிறகு எல்லாரையும் விழுங்கிக்கொண்டிருந்த பாலைநாடு. மலைநாட்டை ஆடியவர் நாகர்கோவில்காரர், பெனடிக்ட் என்று பெயர். அவரைச் சென்னியப்பன் நேரில் பார்த்ததே இல்லை.

அந்தப் பெனடிக்ட் எண்பதில் தொடங்கி இறங்கிக்கொண்டே வந்து, இப்போது இருபத்திரண்டில் நின்றார். அட்டையில் மலைநாட்டு வரிசை முழுக்க ஒரே சிவப்பு. சென்னியப்பன் அந்த இருபத்திரண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை, மூன்று நிமிஷம், கோச்சிடம் பேசலாம். கை தூக்கினார். நஸ்ரீன் வந்தாள்.

"கோச், மலைநாடு என்னைய முடிக்கப் போகுதுங்க. அதுக்கு முன்னாடி நான் முந்திக்கட்டுமா?"

அட்டையைப் பிரிக்கப் போனார். அவள் கையால் தடுத்தாள். அவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டுத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டாள்.

"இப்ப நான்தான் பெனடிக்ட். மலைப்பக்கம் நீங்க என்னென்ன செஞ்சீங்க, வரிசையாச் சொல்லுங்கண்ணா."

மூன்று நிமிஷத்தில் இதென்ன விளையாட்டு என்று அவருக்குக் கோபமே வந்தது. ஆனாலும் சொன்னார். இரண்டாவது சுற்றில், இரு நாட்டுக்கும் எல்லையான கணவாய்க்கு மேலே ஒரு காவல் கோபுரம் கட்டினார். எதற்கு என்று அவள் கேட்டாள். சும்மா ஒரு பாதுகாப்புக்கு, போன வருஷம் பட்டது போதாதா என்றார். அவள் தாளில் ஏதோ குறித்தாள்.

நான்காவது சுற்றில் எண் கொஞ்சம் இறங்கியதால், கணவாயில் ஒரு படையை நிறுத்தினார். ஆறாவது சுற்றில் இன்னும் இறங்கியதால் இரண்டாவது படை. ஒன்பதில் மூன்றாவது. பன்னிரண்டில் நான்காவது. ஒவ்வொன்றுக்கும் அவள் ஓர் எண் எழுதிக்கொண்டே வந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"என்னை எவ்வளவு நம்புறதாப் போட்டீங்க?"

"எண்பதுதானுங்க. மொதல்லருந்து கடைசிவரைக்கும் மாத்தவே இல்லீங்க. எதுக்கு அவரு மனசு நோகணும்னுட்டு."

அவள் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு கடைசி எண்ணை எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

சென்னியப்பன் அட்டையைப் பிரித்து, மலைநாட்டு வரிசைக்குக் கீழே அந்தத் தாளை வைத்துப் பார்த்தார். எண்பது, எழுபத்தைந்து, அறுபத்தைந்து, ஐம்பது, நாற்பது, இருபது. அவருடைய அட்டையில் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்றுதான் கூடக்குறைய இருந்தது. அவள் இந்த அட்டையைக் கண்ணால் கண்டதில்லை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், திருதிருவென்று விழித்தார். இருபது வருஷம் தாமதம் எழுதியவர், ஒரு தடவையாவது தன் பக்கமே தாமதத்துக்குக் காரணம் என்று எழுதியிருப்பாரா?

"அப்பப் படைய எடுத்துறட்டுமாங்க? எடுத்தப்பறம் அவரு ஏறி அடிச்சுட்டார்னா?"

"அடிக்கலாம்" என்றாள் நஸ்ரீன். மணி அடித்தது. அவள் எழுந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பதினான்காவது சுற்று. யோசிக்க அறுபது விநாடி. பாலைநாட்டுக் கப்பல்கள் அவருடைய தெற்குத் துறைமுகத்தை நெருங்கிவிட்டன. தடுக்க அங்கே ஒரே ஒரு படைதான் இருந்தது. மீதி நான்கும் கணவாயில் மலையைப் பார்த்து நின்றன. சென்னியப்பன் மௌஸைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். பத்து விநாடி மிச்சமிருக்கையில் நான்கு படைகளையும் துறைமுகத்துக்குத் திருப்பினார். காவல் கோபுரத்தையும் இடித்தார். சுற்று முடிந்ததும், மலைநாட்டுக்கு முதல்முறையாக உண்மையான எண்ணைப் போட்டார். முப்பது.

பதினைந்தாவது சுற்று. திரை அசைந்தது. பெனடிக்ட்டின் படைகள் கணவாயில் இறங்கின.

ஐந்து படைகள். எல்லையைத் தாண்டின. இத்தனை சுற்றாக அவரும் இவரைப் பார்த்தபடி ஐந்து படைகளை அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறார். தலைநகருக்குப் போகும் வழியில் ஒரு சின்னப் படைகூட இல்லை. சென்னியப்பன் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். மூன்று வருஷமும் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டார்.

மலைநாட்டுப் படைகள் தலைநகர் வாசல்வரை வந்தன. நிற்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு தெற்கே ஓடின. துறைமுகத்தில் கால் வைத்துக்கொண்டிருந்த பாலைநாட்டுக்காரனைப் பின்பக்கமாக வளைத்துப் பிடித்தன. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கமும் ஐந்து. பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கீழே துணிக்கடையில் இருந்தவர்கள் என்ன சத்தம் என்று மேலே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பதினாறாவது சுற்றில் பாலைக்கொடி இறங்கியது. கடல்நாடும் மலைநாடும் இறுதிப் போட்டிக்குத் தேர்வு என்று திரை சொன்னது. பெனடிக்ட் கடைசியாகப் போட்டிருந்த எண் அறுபத்தெட்டு.

சென்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிப்போவுக்குப் போன் போட்டார், வீட்டுக்குப் போன் போட்டார், திரும்ப டிப்போவுக்கே போட்டார். பிறகு நஸ்ரீனிடம் ஓடினார். இறுதிப் போட்டிக்கு இதைவிட இரண்டு மடங்கு பெரிய அட்டை வாங்கப் போவதாகவும், இந்த முறை அதை அவளிடம் முதலிலேயே காட்டிவிடுவதாகவும் மூச்சு வாங்கச் சொன்னார்.

"அதுல புதுசா என்னென்ன கட்டம் போடோணும்னு சொல்லுங்க கோச். ஒண்ணும் விட்டுறக் கூடாது."

நஸ்ரீன் ஹெட்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க எதுக்குண்ணா மெனக்கெடறீங்க? நாகர்கோவில்ல ஒருத்தர் உங்களப் பத்தி ஒரு அட்டை போட்டு வெச்சிருப்பார். அவர்கிட்ட அதைக் கேட்டு வாங்குங்க."