ஆச்சா மரத்தின் வைரம்

மலையடிவாரத்து மடத்துக்கு வந்தபோது மாசாணத்துக்கு வயது அறுபதைத் தொட்டிருந்தது. நாற்பது வருஷம் மரம் அறுத்தவர். மடத்தை நடத்திய தவமணி அம்மை அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் அவர் அவளைத் தாயே என்றுதான் கூப்பிடுவார்.

அவர் காட்டில் மரம் அறுத்துக்கொண்டிருந்தபோது ஊரில் மனைவி வடிவு காய்ச்சலில் போய்விட்டாள். சேதி கிடைத்து ஓடி வந்தபோது சாம்பலும் ஆறியிருந்தது.

அதற்கப்புறம்தான் மடத்துக்கு வந்தார்; மூன்று வருஷம் ஆகிவிட்டது. மடத்தில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொரு இலையைக் கை தானாகப் போட்டுவிடும். பிறகு யாரும் பார்க்குமுன் சுருட்டி எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் பாடப் போனால் அவர் ஓடைப் பக்கம் போய்விடுவார்.

ஒருநாள் காலை அம்மையிடம் வந்து நின்றார்.

"தாயே, கண்ணை மூடினால் உள்ளே ஒரு இடம் செத்துக் கிடக்கிறது. அதை எடுத்துப் போடுங்கள். முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், நான் கிளம்புகிறேன்."

"கிளம்பலாம் ஐயா. அதற்குமுன் ஒரு வேலை. ஓடைப் பாலத்துக்குத் தூண் வேண்டும். ஆச்சா மரம் ஒன்று விழுந்து கிடக்கிறது."

இருவர் இழுக்கும் ரம்ப வாளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு முனையை அம்மையே பிடித்தாள். வாள் சூடேறியது. பல் மழுங்க மழுங்க அவர் அரம் போட்டுக் கொடுத்தார். உச்சி வெயிலில்தான் துண்டு விழுந்தது. தெறித்த சில்லு ஒன்று ஓடைக்குள் விழுந்து கல்லைப்போல அடியில் போய் உட்கார்ந்தது.

அம்மை அறுத்த முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதில் உயிர் எங்கே இருந்தது ஐயா?"

"ஓரத்தில் வெளுப்பாக ஒரு விரற்கடை இருக்கிறதே, அதில். வேர்த்தண்ணீர் அது வழியாகத்தான் ஏறும். நடுவில் கறுப்பாக இருப்பது செத்த இடம்."

"விழுந்தபிறகு செத்ததா?"

"இல்லை தாயே, நிற்கும்போதே. அதுவும் ஒரு காலத்தில் வெளுப்பாய், ஈரமாய் இருந்ததுதான். வருஷா வருஷம் செத்துச் செத்து இறுகும். வைரம் என்பது அதைத்தான். கரையான் தொடாது. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். வண்டி அச்சு, உலக்கை, பாலத் தூண் எல்லாம் அதில்தான்."

"செத்ததைக் குடைந்து எடுத்துவிட்டு, உயிருள்ளதை மட்டும் விட்டிருந்தால்?"

"மரம் எப்படி நிற்கும்? ஆடிக்காற்று ஒன்று போதும், முறித்துப் போட்டுவிடும்."

சொன்னவர் நிறுத்தினார். கறுத்த நடுவை விரலால் தொட்டார்.

பிறகு சொன்னார்.

"எனக்குள்ளே அந்த இடத்தில் யாருமே இல்லை தாயே. தனியாக இருக்கிறது."

"இருக்கும்."

"ஒருநாளும் ஆறாதா?"

அம்மை வாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறாது ஐயா. இறுகும். இன்னொரு தூண் வேண்டும், இழுங்கள்."