கீறல் படாத கருவி

புங்கங்காட்டில் ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் கரைமேல் ஒரு தொழிற்பள்ளி. மலைமேல் இருக்கும் பெரிய பள்ளிக்குப் போக வசதியில்லாத முயல், அணில், எலி, உடும்பு எல்லாம் இங்கேதான் படித்தன. பிள்ளை பெற்றவர்களும் வந்து படிக்கலாம்.

பாடம் என்ன தெரியுமா? ஏரிக்கரையைக் காப்பது! கரைக்குள் தண்ணீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து, உடைப்பு எடுப்பதற்குள் அடைக்க வேண்டும். உடம்பெல்லாம் செதில் போர்த்திய அழுங்கு டீச்சர்தான் அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

மரகதம் என்கிற முயல் வகுப்புக்கு மட்டம் போட்டதே இல்லை. கரைக்குக் கீழே பள்ளத்தில்தான் அவள் வளை. வளைக்குள் அவளுடைய சின்னஞ்சிறு குட்டிகள். கரை உடைந்தால் முதல் தண்ணீர் அங்கேதான் போகும்.

ஒருநாள் டீச்சர் காட்டின் தலைவரான யானையிடம் போனாள். "தலைவரே! மண்ணுல காதை வச்சுத்தான் கசிவைத் தேடுறோம். பாதி நேரம் தப்பாப் போகுது. பிள்ளைங்களுக்கு நல்ல கருவி வேணும்!"

யானைக்கு நல்ல மனசு. "படிக்கிற பிள்ளைகளுக்கு இல்லாததா? தந்தேன்!" என்றது. சீக்கிரமே கசிவுக் கருவிகள் வந்து இறங்கின. கரையில் குத்தி வைத்தால் போதும், கசியும் பக்கம் முள் திரும்பும். பிள்ளைகள் துள்ளிக் குதித்தன.

அந்தத் துள்ளல் அன்றைக்கு மட்டும்தான். பள்ளி முதல்வர் மயில் இருக்கிறாரே, அந்த மகானுபாவர், உறையைக்கூடப் பிரிக்காமல் கருவிகளைக் கண்ணாடி அறையில் அடுக்கினார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பூசணிக்காய் உடைத்தார். எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்தார். பிறகு அறையைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்!

"அய்யா, ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?" என்று மரகதம் கேட்டாள்.

"தொடறதா? உடைஞ்சா யாரு பதில் சொல்றது? கண்ணாடி வழியாப் பாத்துக் கத்துக்கோ!"

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "கரையில நின்னு பாத்தா நீச்சல் வருமா அய்யா? இது பிள்ளைங்களுக்காக வந்தது!"

"பிள்ளைங்க வருஷா வருஷம் வருவாங்க. கருவி வருமா? வாய் நீளுது டீச்சர்!" என்றார் மயில்.

கேட்டீர்களா நியாயத்தை! டீச்சர் என்ன செய்வாள், பாவம். கருவியை மணலில் படமாக வரைந்து பாடம் நடத்தினாள். பிள்ளைகள் பப்பாளித் தண்டைக் கரையில் நட்டு, முள் திரும்பியதாக நினைத்துக்கொண்டன.

தலைவர் சார்பில் மேற்பார்வைக்குக் கொக்கு வந்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தது. "அடடா! ஒரு கீறல்கூட இல்லையே! என்ன பராமரிப்பு!" என்று மெச்சியது. பிள்ளைகள் என்ன கற்றன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால்தான் கௌரவம் குறைந்துவிடுமே!

ஐப்பசி பிறந்தது. மழை கொட்டித் தீர்த்தது. ஏரி தளும்பியது. ஒரு மத்தியானம் கரைக்குக் கீழே கலங்கல் தண்ணீர் வழிவதை மரகதம் பார்த்துவிட்டாள்.

"டீச்சர்! கரை கசியுது!"

"உள்ள எங்கேருந்து வருதுன்னு தெரியலையே! ஓடிப்போய்ச் சாவியைக் கேளு!"

சாவி எங்கே இருக்கும்? மயிலின் கழுத்தில்! மயில் எங்கே? மலைமேல்! கருவிகளைச் சிறப்பாகப் பாதுகாத்ததற்கு அவருக்கு அங்கே பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் யோசிக்கவில்லை. சுவருக்கு அடியில் தோண்டி உள்ளே புகுந்து கருவியை வெளியே இழுத்தாள். எல்லோரும் கூடி உறையைக் கிழித்தார்கள்.

அப்புறம் விழித்தார்கள். எந்தத் திருகை முதலில் திருப்புவது? எவ்வளவு ஆழம் குத்துவது? டீச்சரும் அதைத் தொட்டதில்லையே! முள் இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது. கடைசியில் ஓர் இடத்தைக் காட்டியது. அங்கே வெட்டி மண்ணை அடைத்தார்கள்.

தப்பான இடம். கொஞ்சம் தள்ளிக் கரை உடைந்தது.

மரகதம் பள்ளத்துக்குப் பாய்ந்தாள். ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக் கொண்டுவந்து மேட்டில் போட்டாள். கடைசிக் குட்டிக்காகத் திரும்பினாள். அங்கே வளையே இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

மழை விட்டதும் பொன்னாடையோடு மயில் வந்து சேர்ந்தார். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாரா? நேராக அறைக்கு ஓடினார்!

"ஐயையோ! சுவரைத் தோண்டினது யாரு? கருவியெல்லாம் என்ன ஆச்சு?"

சேறும் சகதியுமாக மரகதம் எழுந்து நின்றாள். கருவியைத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நல்லாப் பாத்துக்குங்க அய்யா. ஒரு கீறல்கூட இல்ல. என் குட்டியிலதான் ஒண்ணு இல்ல."

செய்தி கேட்டு ஓடிவந்திருந்த யானை பின்னால் நின்றது. மயிலைப் பார்த்துப் பிளிறியது. "பூட்டி வைக்கவா கொடுத்தேன்?"

மரகதம் யானையையும் விடவில்லை. "நீங்க மட்டும் என்ன தலைவரே? குடுத்ததோட சரி. ஒருநாள் வந்து, 'இதை வச்சு என்னம்மா கத்துக்கிட்டே'ன்னு கேட்டீங்களா? கீறல் இருக்கான்னு பாக்கத்தான் ஆள் அனுப்புனீங்க!"

யானை தலை குனிந்தது. அதனால் என்ன பயன்? போன குட்டி வருமா?

பிறகு யானை மயிலின் கழுத்திலிருந்த சாவியைப் பிடுங்கி ஏரியில் எறிந்தது. கண்ணாடி அறையின் கதவைப் பெயர்த்து, உடைப்பை அடைக்கக் கொண்டுபோய்ப் போட்டது. மயிலை வேலையைவிட்டு அனுப்பியது.

இப்போது அந்தக் கருவிகளைப் பார்க்க வேண்டுமே! உடம்பெல்லாம் கீறல், பிடியெல்லாம் சேறு, ஒன்றுக்குக் கால் வளைந்துகூடப் போயிருக்கிறது. மரகதம்தான் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். "பயப்படாமத் தொடு கண்ணு! உடைஞ்சாப் பாத்துக்கலாம்!" என்பாள். அந்தக் கரை அதற்குப் பிறகு உடையவில்லை.

கற்கிறவர் கைக்குப் போய்ச் சேராத கொடை, கொடுக்காமல் இருப்பதைவிடக் கேடு.