வரிசையில் நின்ற கல்யானை

ஊர் பேர் எதற்கு? நாலு பக்கமும் கடல், நடுவில் ஆறே இல்லாத ஒரு சின்னத் தீவு. வானம் பெய்தால் தண்ணீர். பெய்யாவிட்டால் ஊருக்கே ஒரே ஒரு கிணறு. அவ்வளவுதான்.

தீவிலேயே பெரிய கூரை அரண்மனைக் கூரை. அதில் விழுந்த மழையெல்லாம் நேராகக் கடலுக்குப் போனது. குழாய் வைத்துப் பிடித்துக் கிணற்றில் விடலாமே என்று யாராவது கேட்டால், மந்திரி அம்பலவாணர் முகம் சுளிப்பார். "குழாய் வச்சா அரண்மனை பார்க்க நல்லாவா இருக்கும்?" என்பார். இந்த மனிதருக்குப் பெயர் நீர்வளத்துறை மந்திரி.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கிணறு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ராஜா சங்கவர்மர் காரியைக் கூப்பிட்டார். காரி சபையில் வாய்த்துடுக்குக்குப் பெயர்போனவன். அதற்காகத்தான் சம்பளம், அதற்காகத்தான் திட்டும்.

"காரி, நாளைக்குப் பவளத்தீவு ராஜா வர்றார். நந்தவனத்துல இருக்கிற கல்யானை தும்பிக்கையிலேர்ந்து தண்ணி பீச்சி அடிக்கணும்."

"தண்ணிக்கு எங்கே போறது மகாராஜா?"

"ஊர்க்கிணறு இருக்குல்ல?"

"அதை யானைக்கு ஊத்திட்டா ஊர் எதைக் குடிக்கும்?"

"ரெண்டு நாள் பொறுத்துக்கட்டும்" என்றார் அம்பலவாணர். அவர் வீட்டில் இளநீருக்குத் தென்னை மரம் இருந்தது.

"யானை தண்ணி குடிக்கலேன்னா, உன்னைத் தோணியில ஏத்தி நடுக்கடல்ல விட்டுடுவேன்" என்றார் ராஜா.

காரி தலையைச் சொறிந்தான். "சரிங்க. ஆனா கிணத்துத் தண்ணின்னா நம்ம வரிசை வழக்கப்படிதானே?"

"பின்னே? எங்க தாத்தா போட்ட வழக்கம். அதோட பெருமையைக் கேள்விப்பட்டுத்தானே பவளத்தீவார் பார்க்க வர்றார்? இம்மி பிசகக் கூடாது."

"நீங்க சொன்னா சரி" என்று காரி கும்பிட்டான்.

அந்த வழக்கம் இதுதான். தண்ணீர் வேண்டுமென்றால் பாத்திரத்தைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் வைக்க வேண்டும். வைத்த பிறகு சொந்தக்காரர்தான் அதை முன்னால் நகர்த்தலாம். வேறு யார் கை பட்டாலும் பாத்திரம் மறுபடி கடைசிக்குப் போய்விடும். ராஜாவின் தாத்தா காலத்தில் பணக்கார வீட்டு வேலைக்காரர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனதால் வந்த ஏற்பாடு.

காரியின் மனைவி பூங்கோதைக்கு விஷயம் தெரிந்ததும் குடத்தை டங்கென்று வைத்தாள். "ஏங்க, யானை குடிச்ச மிச்சத்தை நாம குடிக்கணுமா?"

"யானை குடிச்சாத்தானே மிச்சம்? நீ போய் எப்பவும் போல குடத்தை வை."

விடிந்ததும் காரி பத்து ஆட்களை வைத்து மாட்டுவண்டியில் கல்யானையை ஏற்றினான். கிணற்றடிக்குக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் இறக்கிவைத்தான். முன்னால் மீன்காரி பவளக்கொடியின் குடம். யானைக்குப் பின்னால் ஊர் ஒவ்வொருவராக வந்து குடம் வைத்தது. பூங்கோதையும் வைத்தாள்.

ராஜாவும் விருந்தாளியும் நந்தவனத்துக்குப் போனால் யானையைக் காணோம். விசாரித்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்கள். அங்கே வரிசை நகர்ந்தது. யானை மட்டும் நகரவில்லை.

"யாருப்பா இந்த யானைக்குச் சொந்தக்காரர்? நகர்த்துறீங்களா, இல்ல நாங்க தாண்டிப் போகவா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அம்பலவாணர் காவலர்களைக் கூப்பிட்டார். "தள்ளுங்கடா."

"வேண்டாங்க" என்றான் காரி. "காவலர் கை பட்டா யானை கடைசிக்குப் போயிடும். மகாராஜாவோட தாத்தா போட்ட வழக்கம். இம்மி பிசகக் கூடாதுன்னு நேத்துதான் சொன்னாங்க."

பவளத்தீவு ராஜா வியந்து போனார். "அரண்மனை யானைகூட வரிசையிலயா? இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ம், நீங்க நகர்த்துங்க."

வேறு வழி? சங்கவர்மர் பட்டுச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளினார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். முதுகைக் கொடுத்துத் தள்ளினார். கிரீடம் கழன்று சேற்றில் விழுந்தது. யானை அசையவே இல்லை. அதற்குள் பூங்கோதை தாண்டிப் போனாள். பின்னாலிருந்த எல்லோரும் போனார்கள். கயிறு அறுந்த ஓர் ஆடும் போனது.

ராஜாவுக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம் தண்ணி..."

பவளக்கொடி தன் குடத்திலிருந்து ஒரு குவளை மொண்டு கொடுத்தாள். ராஜா ஒரு வாய் குடித்தார். பல்லில் மணல் நறநறத்தது.

"இதையா குடிக்கிறீங்க?"

"ஆமா ராசா. கிணத்துல இருக்கிறதே இவ்வளவுதான். இதைக் குடிக்கத்தான் யானை வந்திருக்கு."

ராஜா குவளையைப் பார்த்தார். யானையைப் பார்த்தார். சேற்றில் கிடந்த கிரீடத்தைப் பார்த்தார். முதலில் பவளத்தீவார்தான் சிரித்தார். பிறகு சங்கவர்மரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என் வாயாலேயே என்னை வரிசையில நிக்க வச்சுட்டே. சரி, தோணி கிடையாது. என்ன வேணும், கேளு."

"அரண்மனைக் கூரையில விழுற மழை வேணும் மகாராஜா. குழாய் வச்சு இந்தக் கிணத்துக்கு."

"அரண்மனை அசிங்கமாயிடுமே" என்றார் அம்பலவாணர்.

"நான் சேத்துல நிக்கிறது மட்டும் அழகாவா இருக்கு? நாளைக்கே குழாய் வைங்க. ஏணியில நீங்களே ஏறுங்க" என்றார் ராஜா. ரெண்டு எட்டு நடந்தவர் திரும்பினார். "அது சரி காரி, என் யானையை எப்போ வீட்டுக்குக் கொண்டு போகலாம்?"

"அதோட முறை வந்ததும் மகாராஜா."