வாசல் கூரையின் நடு போல்ட்

“பிடிக்கிறது ஆணி இல்லடே, அதுக்குப் பின்னால...” என்று காலண்டர் மாட்டும்போதெல்லாம் பெரியப்பா சொல்வார். பின்னால் என்ன என்பதையும் சொல்லித்தான் இருப்பார். அந்தப் பாதி எனக்கு மறந்துவிட்டது. இந்தக் கதைக்கு வேண்டியது அந்தப் பாதிதான். நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டைக்குப் பக்கத்து ஊரொன்றில் சிறிய மகப்பேறு மருத்துவமனை, பழைய கட்டடம். அதன் வாசலுக்கு இரும்புக் கூரை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தார் பொறியாளர் சிதம்பரநாதன். கூரையின் முன்விளிம்பை மூன்று கம்பிகள் மேலிருந்து இழுத்துப் பிடித்தன. ஒவ்வொரு கம்பிக்கும் சுவரில் ஒரு போல்ட். நட்டை முடுக்க முடுக்கத் துளைக்குள் விரிந்து, சுற்றியுள்ள காங்கிரீட்டை நெருக்கிப் பிடிக்கும் வகை. பாரத்தில் பாதிக்கும் மேல் நடுக் கம்பியில். வாசலுக்கு மேலே முழுக்கக் காங்கிரீட் உத்திரம் என்றது பழைய வரைபடம். பூச்சுக்கும் வெள்ளைக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கூரை ஏறியது. மழைநீர் இறங்கும் குழாய் மட்டும் வந்து சேரவில்லை. மறுநாள் தடுப்பூசி நாள்.

புதன் காலை பதினொரு மணிக்கு அவர் வந்தபோது மலைப்பக்கம் இருட்டிக்கொண்டிருந்தது. போல்ட் போட்ட இசக்கிமுத்து ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான்.

“எல்லாம் சரியா இருக்கா?”

“நேத்து சாயங்காலம் நடுக் கம்பியப் பிடிச்சு நானே தொங்கிப் பாத்தேன் சார். எண்பத்திரண்டு கிலோ. கல்யாணத்துக்குப் பொறவு போட்ட வெயிட்டு, வீணாப் போகல. ஒரு நூல் அசையல. மத்த ரெண்டவிட நடு நட்டு ரெண்டு சுத்து கூடவே வாங்குச்சு. அவ்வளவு இறுக்கம்.”

வாசல் பெருக்கும் பேச்சியம்மாள் துடைப்பத்தை நிறுத்தினாள்.

“இறுக்கமோ என்னவோ. நேத்து தொளை போட்ட தூசிய நான்தான அள்ளுனேன். ரெண்டு பக்கமும் சாம்பலா கெடந்துச்சு. நடுவுல மட்டும் செக்கச்செவேல்னு, அம்மியில மொளகா அரைச்ச மாதிரி.”

“சார், ஒங்க வேலைய அக்காகிட்ட குடுத்துட்டு நாம டீ குடிக்கப் போவோம்” என்றான் இசக்கிமுத்து.

சிதம்பரநாதன் சிரிக்கவில்லை. அண்ணாந்து நடு போல்ட்டைப் பார்த்தார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஊசி போட்டு முடித்துச் சாலையோரம் நின்ற தாய்மார்கள் எல்லோரும் கைக்குழந்தைகளோடு கூரைக்கு அடியில் ஓடி வந்து நெருங்கி நின்றார்கள். நாற்பத்தொரு பேர். மேலே தகடு அதிர்ந்தது. குழாய் இல்லாததால் வெளியேற வழியில்லாத தண்ணீர், கூரையைச் சுற்றி மேடாக நின்ற விளிம்புக்குள் தேங்கி ஏறத் தொடங்கியது. எங்கோ ‘டிக்’ என்று ஒரு சத்தம். மழைத்துளியாகவும் இருக்கலாம்.

“சிஸ்டர், எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க.”

செவிலியர் ஜெபமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உள்ள பிரசவ வார்டு, பத்துப் பேர் நிக்க இடமில்ல. ரேஷன் கடைக்குப் போகணும்னா ரோட்டைத் தாண்டணும். இதெல்லாம் ஊசி போட்ட பச்சப்பிள்ளைங்க. நனைஞ்சா காய்ச்சல் நிச்சயம். கூரை விழும்னு ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பறம்?”

கூட்டத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. அதைக் கேட்டு மற்றவையும் தொடங்கின.

இசக்கிமுத்து தொங்கியது உண்மை. பேச்சியம்மாள் அள்ளியது உண்மை. ஜெபமலர் சொன்ன காய்ச்சலும் உண்மை. இவர்களில் யார் சொல்லைக் கேட்டு அவர் நடக்க வேண்டும்?

விடை: பேச்சியம்மாள் சொல்லை. வரைபடம் பழையது, தூசியோ போல்ட் போன துளைக்குள்ளிருந்தே வந்தது. காங்கிரீட் சாம்பலாக உதிரும், செங்கல் சிவப்பாக உதிரும். எந்தக் காலத்திலோ அங்கே இருந்த காற்றுத் துவாரத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள். நட்டு இரண்டு சுற்று கூடுதலாக வாங்கியது இறுக்கத்தால் அல்ல, உள்ளே செங்கல் நொறுங்கி இடம் விட்டதால். இசக்கிமுத்து தொங்கியது காய்ந்த கூரையில். இன்று விளிம்பு நிறைந்தால் அதன்மேல் நிற்கும் தண்ணீர் பத்து இசக்கிமுத்து கனம். காய்ச்சலுக்கோ ஜெபமலரிடமே மருந்து இருந்தது.

சிதம்பரநாதன் நாற்பத்தொரு தாய்மாரையும் குழந்தைகளோடு மழையில் இறக்கினார்.