ஆள்காட்டிக் குருவி மரத்தை விட்டு இறங்கிய கதை

அந்தக் காலத்தில் பறவைக்கும் மிருகத்துக்கும் ஒரே பேச்சுதான். அப்போது ஆள்காட்டிக் குருவிக்கு அந்தப் பெயர் கிடையாது. சத்தமே போடாத பறவை அது. மற்ற குருவிகளைப் போல மரத்தில்தான் கூடு கட்டும்.

ஓர் ஏரிக்கரைக் கருவேலமரத்தில் காரி என்ற ஆள்காட்டி நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. மரத்தடிப் புதரில் துள்ளான் என்ற முயல் குடியிருந்தது. துள்ளானுக்கு எதற்கெடுத்தாலும் பயம். சருகு அசைந்தால் போதும், "அக்கா, யாரோ வந்த மாதிரி இருந்ததா?" என்று மேலே பார்த்துக் கேட்கும். காரி எட்டிப் பார்த்து, "யாரும் இல்லை, தூங்கு" என்று சொல்லும். அக்கா சொல்லிவிட்டால் துள்ளான் தூங்கிவிடும்.

ஒரு கோடையில் ஏரி வற்றிச் சேறு மட்டும் கிடந்தது. உச்சி வெயில் நேரம். காற்று சட்டென்று நின்றது. தவளைச் சத்தமும் நின்றது. காரி கீழே பார்த்தது.

சேற்றில் ஒரு காலடித் தடம் விழுந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று விழுந்தது. தடங்கள் வந்துகொண்டே இருந்தன. நடப்பவரைக் காணோம்.

மரத்தடிக்கு வந்து தடங்கள் நின்றன.

"நீ என்னைப் பார்த்துவிட்டாய்," என்றது ஒரு குரல். மெதுவான, அன்பான குரல். "யாரிடமும் சொல்லாதே. உன் முட்டைகளை நான் தொடமாட்டேன்."

காரி முட்டைகளின் மேல் இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தது.

புதருக்குள்ளிருந்து துள்ளான் தூக்கக் கலக்கத்தில் கேட்டது. "அக்கா, யாரோ வந்த மாதிரி இருந்ததா?"

காரி சொன்னது: "யாரும் இல்லை. தூங்கு."

புதர் ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான். காரி இறங்கிப் போய்ப் பார்த்தபோது, முயல் படுத்திருந்த இடத்தில் சூடு மட்டும் இருந்தது.

மறுநாள் உச்சி வேளையில் மறுபடி காற்று நின்றது. தடங்கள் வந்தன. இம்முறை மரத்தடியில் கேட்டது துள்ளானின் குரல்.

"அக்கா, யாரோ வந்த மாதிரி இருந்ததா?"

காரி எட்டிப் பார்த்தது. புதர் காலியாகத்தான் இருந்தது. தடங்கள் கரையோரமாகத் திரும்பின. அங்கே ஒரு கவுதாரி தன் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது.

"யாரும் இல்லை என்று சொல், அக்கா," என்றது அதே குரல்.

காரி வாயைத் திறந்தது. "ஆள் வருது, ஆள் வருது" என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தியது. கவுதாரி குஞ்சுகளோடு முள்ளுக்குள் ஓடியது. கொக்குகள் கூட்டமாக எழும்பின. தடங்கள் அப்படியே நின்றன. பிறகு திரும்பி நடந்து, ஏரியின் நடுவில் இல்லாமல் போயின.

காரி அழுத அழுகையில் அதன் கண்ணோரத் தோல் சிவந்துபோனது.

"உன் முட்டைகள் பத்திரமாகத்தானே இருக்கின்றன? ஏன் அழுகிறாய்?" என்று கவுதாரி கேட்டது.

"நான் உயரத்தில் இருந்தேன். அதனால்தான் கீழே இருந்தவனிடம் பொய் சொல்ல முடிந்தது," என்றது காரி. முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் பறக்கக் கற்றதும் அது மரத்தை விட்டு இறங்கியது. மறுபடி ஏறவே இல்லை.

அன்று முதல்தான் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடுகிறது, யார் வந்தாலும் கத்துகிறது. சில உச்சி வெயிலில், கண்ணுக்கு எட்டியவரை யாருமே இல்லாதபோதும் கத்தும். அப்போது முயல்கள் "யாரோ வந்த மாதிரி இருந்ததா?" என்று கேட்பதில்லை, ஓடிவிடுகின்றன.