துணைவேந்தரின் கல்வெட்டு

கிரீடம் கிடையாது, வெண்கொற்றக் குடை கிடையாது. ஆனாலும் வெள்ளாற்றங்கரைப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தர் குலசேகரன் ராஜாதான். அவர் வராந்தாவில் நடந்தால் முன்னால் இரண்டு பேர் கதவு திறப்பார்கள், பின்னால் நாலு பேர் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதில் முதல் ஆள் பதிவாளர் நமச்சிவாயம்.

அந்த ராஜ்யத்தில் இடைக்கால வரலாறு நடத்தியவள் தெய்வானை. கௌரவ விரிவுரையாளர் என்று பேர். கௌரவம் பேரோடு சரி. பதினோரு மாதம் வேலை, பன்னிரண்டாம் மாதம் வீடு. விடாமல் வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டுவிடுவார்களாம், அதற்காக வருஷா வருஷம் ஒரு மாதப் பணிமுறிவு. அந்த மாதத்திலும் விடைத்தாள் கட்டு மட்டும் வீடு தேடி வந்துவிடும். ஒன்பது வருஷமாக இதே கூத்து. சோழர்கள் எந்த வருஷம் எங்கே இருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். வருகிற ஜூலையில் தான் எங்கே இருப்போம் என்பதுதான் தெரியாது.

இந்த வருஷம் நிஜமாகவே வேலைக்கு ஆபத்து வந்தது. பதிவாளருக்கு ஒரு மைத்துனன், கபிலன். மீன் வளர்ப்பில் முனைவர். "வரலாறு என்ன பெரிய வித்தைங்களா ஐயா? நடந்ததைச் சொல்றதுதானே!" என்று பதிவாளர் துணைவேந்தர் காதில் ஓதியிருந்தார். முறிவு முடிந்ததும் தெய்வானையின் நாற்காலியில் கபிலன் உட்காருவான் என்று அலுவலகமே பேசியது.

அந்த நேரம் பார்த்துத் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. ராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. தெய்வானையைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, நுழைவாயில்ல ஒரு கல்வெட்டு வைக்கணும். என் சாதனையெல்லாம் அதுல வரணும். சோழர் காலத்து எழுத்து, சோழர் காலத்து நடை. அசல்னா அசலா இருக்கணும்."

"செஞ்சிரலாம் ஐயா. ஆனா கல்வெட்டுன்னா ராஜா புகழோட நிக்காதுங்க. பின்னாடி இன்னும் பல சங்கதி உண்டு."

"ஒண்ணையும் விடாதம்மா! அந்தக் காலத்து ராஜா எதெதை வெட்டுனானோ அத்தனையும் வேணும்."

"அப்ப தானமும் வரணுங்களே. எதையாவது யாருக்காவது கொடுத்ததைச் சொல்லத்தான் முக்கால்வாசிக் கல்லே வெட்டுனாங்க."

"கொடு, கொடு! கல்லுல கொடுக்க நமக்கென்ன கஷ்டம்? அப்ப யாருக்குக் கொடுத்தாங்க?"

"கோயிலுக்கு, அன்னசாலைக்கு, பாடம் சொல்லிக்கொடுக்கறவங்களுக்கு."

"பொருத்தமாப் பாத்து நீயே போட்டுக்க," என்றார் ராஜா.

பக்கத்தில் நின்ற பதிவாளர் பல்லைக் காட்டினார். "கல்லு வேலையை முடிச்சுக் கொடுத்துட்டு முறிவுல போங்கம்மா. ஜூலையில சொல்லி அனுப்பறோம்."

அவர் சொல்லி அனுப்பப்போவதில்லை என்று தெய்வானைக்குத் தெரியும். தன்னை அனுப்பவும் போகிறார்கள், தன் படிப்பையும் உறிஞ்சிக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து எழுதினாள்.

எழுதியதைக் கொண்டுபோய் நீட்டினாள். துணைவேந்தர் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், துடைத்து மறுபடியும் மாட்டினார். பழைய எழுத்தில் 'க' ஒன்றுதான் பிடிபட்டது.

"வாசிச்சுக் காட்டட்டுங்களா ஐயா?"

"எதுக்கு? எனக்குத் தெரியாதா? பிரமாதம்!"

"சோழனே வந்து எழுதுன மாதிரி இருக்குங்க ஐயா," என்று பதிவாளரும் தலையாட்டினார். கல் சிற்பிக்குப் போனது.

குழு வந்தது. தலைவர் பேராசிரியர் சுந்தரவல்லி, கல்வெட்டுப் படி எடுத்தே தலை நரைத்தவர். துணைவேந்தர் பட்டுத்துணியை விலக்கினார். அம்மையாருக்குக் கல்லைக் கண்டால் கால் நகராது. அங்கேயே நின்று உரக்க வாசித்தார்.

"'ஸ்வஸ்திஸ்ரீ. கட்டடம் பல எழுப்பி, கருத்தரங்கு பல கண்டு, கோப்பெல்லாம் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த குலசேகரர்க்கு யாண்டு மூன்றாவது...'"

ராஜாவின் மார்பு விரிந்தது.

"'இடைக்கால வரலாறு ஓதுவிக்கும் தெய்வானைக்கு இப்பணி முறிவின்றிக் குடுத்தோம், சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை. இது மாற்றினான் கங்கைக்கரையிற் காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான்.'"

விரிந்த மார்பு பொசுக்கென்று இறங்கியது. சுந்தரவல்லிக்கோ ஒரே பூரிப்பு.

"எத்தனையோ பல்கலைக்கழகம் பாத்தாச்சு. ஒரு ஆசிரியர் வேலையைக் கல்லுல வெட்டிக் கொடுத்த துணைவேந்தரை இப்பத்தான் பாக்கறேன்!" என்று பேனாவை எடுத்தார்.

பதிவாளருக்குப் பொறுக்கவில்லை. மைத்துனன் முகம் கண்முன் வந்திருக்கும். "ஐயா, இது செல்லாது! விதிப்படி பதினோரு மாசந்தான். பன்னிரண்டாவது மாசம் முறிவு வந்தே தீரணும்!"

பேனா பாதியில் நின்றது. தான் வாசிக்கத் தெரியாமல் நட்ட கல் என்று ஒப்புக்கொள்வதா, விதியை மீறுவதா? ராஜா கடைசியில் பொறுப்பை ஓரமாக நின்ற தெய்வானை தலையில் இறக்கினார்.

"கல்லு ஒண்ணு சொல்லுது, விதி ஒண்ணு சொல்லுது. நீயே சொல்லும்மா, எதைக் கேக்கறது?"

தெய்வானையின் ஒன்பது வருஷமும் இந்த ஒரு பதிலில் தொங்கியது. கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னாள்:

"ரெண்டையுமே கேக்கலாம் ஐயா. பன்னிரண்டாவது மாசம் பொறந்ததும் பதிவாளர் ஐயா முதல்ல சூரியனுக்கும் சந்திரனுக்கும் பணிமுறிவு ஆணை அனுப்பட்டும். அவங்க ரெண்டு பேரும் வாங்கிக்கிட்டு இறங்கி வீட்டுக்குப் போகட்டும். பின்னாடியே நானும் போயிடறேன்."

முதலில் சிரித்தது சுந்தரவல்லி. அடுத்து துணைவேந்தர், தொந்தி குலுங்க, கண்ணில் நீர் வர. "யோவ் நமச்சிவாயம், அவ்வளவு உயரத்துக்கு நம்ம கையெழுத்து செல்லாதுய்யா! இந்தம்மாவுக்கு நிரந்தர ஆணை அடிச்சுக்கொண்டா!"

சாயங்காலத்துக்குள் பதிவாளரே ஆணையைக் கொண்டுவந்து நீட்டினார். இந்தத் தடவை கையெழுத்துப் போடுமுன் ராஜா முழுசாக வாசித்துப் பார்த்தார்.